உருவு முடிச்சு

சிதம்பரம்
18.08.2025

எழுத்தாளர் கோ. பழனிவேல் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு வாசகி. எங்கள் லேபுக்கு ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஒருவர் நாற்காலியில் ஒரு பத்திரிகையை விட்டுவிட்டுப் போனார். அதில் தங்கள் 'மேய்க்கால் நாட்கள்' தொடரைப் பார்த்தேன். பழைய இதழ்களையும் தேடிப் பிடித்து மூன்று பகுதிகளையும் படித்து முடித்தேன். கடைசியில் வாசகர்கள் எழுதலாம் என்று தங்கள் விலாசம் போட்டிருந்தது. அந்த விலாசத்தில் நானும் பன்னிரண்டு வருஷம் குடியிருந்தவள் என்பதால் எழுதக் கூச்சமில்லை.

கெடிலம் ஆற்றங்கரையில், திருவந்திபுரத்துக்குக் கிழக்கே, ஊர்ப் பொதுவில் கிடந்த மேய்க்கால் நிலத்தை நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். மழை விட்டு ஒரு மாதத்தில் புல் எழும்பிவிட்டால் கன்றுகளின் முதுகு மட்டும்தான் தெரியும் என்கிறீர்கள். வாஸ்தவம். கோவிந்தசாமி வீட்டு மாடு என்றால் பண்ருட்டிச் சந்தை வரை பேர் இருந்தது என்கிறீர்கள். அதுவும் வாஸ்தவம். இருபத்துமூன்று மாடுகளையும் பேர் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒரு வரி வருகிறது: 'எனக்கு ஓர் அக்கா உண்டு. அவளுக்கு மாடு என்றால் பயம். பெரும்பாலும் அடுப்படியிலேயே இருப்பாள்.'

யார் அந்த அக்கா, எழுத்தாளரே? நமக்குத் தெரியாமல் அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததா?

போதும் இந்தத் 'தாங்கள்'. டேய் பழனி, எனக்கா மாடு என்றால் பயம்? மயிலை அப்பாவையே உதைத்து அவர் முட்டி வீங்கிப் படுத்திருந்தபோது அதன் காலடியில் உட்கார்ந்து பால் பீச்சியது யார்? எனக்கு அப்போது எட்டு வயசு. நீ வாசற்படியில் மூக்கொழுக நின்று கொண்டு, "அக்கா, ஒதைக்கப் போவுது, வந்துடு" என்று அழுதாய். கன்று போட்ட மாட்டின் முதல் பாலை ராசியான கைதான் பீச்ச வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். எந்த மாடு கன்று போட்டாலும் சீம்பால் பீச்ச என்னைத்தான் எழுப்புவார்கள். "எங்க லோகு கை பட்டாத்தான் மாடு சொரப்பு வுடும்" என்று நாலு ஊருக்கு டமாரம் அடித்தவர் நம் அப்பா. பிறகு அதே வாய் என்ன சொன்னது என்று உனக்குத் தெரியும். அதை நீ எழுதவில்லை. எழுத வேண்டாம். ஆனால் என்னை அடுப்படியில் கொண்டுபோய் உட்கார வைக்கவும் வேண்டாம்.

உன் நம்பரை நான் ஏன் அழித்தேன் என்பது உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். நாலு வருஷம் முன்னால், அப்பாவின் கருமாதியன்று, கோதானம் கொடுக்கும்போது பிள்ளைகள் இரண்டு பேரும் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார் ஐயர். நான் கையை நீட்டினேன். "நீ புடிக்காதக்கா, உன் கை ஆவாது" என்றாய். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியதும் முதல் வேலையாக உன் நம்பரை அழித்தேன்.

அந்த வரியை நீக்கு.

லோகநாயகி

*

திருவந்திபுரம்
26.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு வருஷம் கழித்து உன்னிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதே என்று ஆசையோடு பிரித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வசவு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது இப்போது நல்லதாய்ப் போயிற்று. உன் கையெழுத்து என்று சொன்னதும் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா இருக்காளாமா?" என்றாள். "இருக்கா" என்றேன்.

நீ என் மேல் பாய்வதற்கு முன்னால் ஒன்றை யோசித்தாயா? வேறு எப்படி எழுதச் சொல்கிறாய்? என் அக்கா கடுமுடிச்சு போட்டுக் கட்டியதால் கார்த்திகை வெள்ளத்தில் ஐந்து மாடுகள் கட்டுத்தறியிலேயே செத்தன என்று எழுதவா? ஊரே படிக்கும். உனக்குக் கல்யாண வயசில் ஒரு பெண் இருக்கிறாள். அதனால்தான் பயம் என்று ஒரு வார்த்தை போட்டு மூடினேன். உன் மானத்தைக் காப்பாற்ற எழுதிய வரி அது. நன்றி சொல்ல வேண்டாம், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்காமலாவது இருக்கலாம்.

அந்த வெள்ளத்தால் யாருக்கு என்ன போயிற்று என்று நீ கணக்குப் பார்த்ததில்லை. உன்னைச் சிதம்பரத்தில் சிவகாமு அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். படித்தாய், வெள்ளைக் கோட்டு போட்டாய், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறாய். நீ போன பிறகு உன் வேலையும் என் தலையில் விழுந்தது. பத்தாவதோடு என் படிப்புக்கு முழுக்கு. இந்த வயசில் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன் என்றால் அது சாணி அள்ளிய கையால் எழுதியது. அதையும் பிடுங்கப் பார்க்கிறாய்.

தை மாதம் தொடர் புத்தகமாக வருகிறது. நாலாம் பகுதி வந்த இதழை இதோடு வைத்திருக்கிறேன். நம் கொட்டகை வேலை பற்றியது. எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படி.

உன் தம்பி,
பழனிவேல்

*

சிதம்பரம்
09.09.2025

பழனி,

படித்தேன். நீ நினைத்ததைவிட நன்றாகவே படித்தேன்.

முதலில் என் மானத்தைப் பற்றி. அதைக் காப்பாற்ற உன்னை யாரும் காவல் வைக்கவில்லை. மாடு திருடியவன் வந்து வைக்கோல் போட்ட கதையாக இருக்கிறது. ஏன் இந்தப் பழமொழியைச் சொல்கிறேன் என்பது கடிதத்தின் கடைசியில் புரியும்.

நாலாம் பகுதியில் நீ எழுதியிருப்பது இது: 'பள்ளிக்கூடம் போகுமுன் கொட்டகையை ஒரு சுற்று வருவேன். அக்கா கட்டிவிட்டுப் போன கயிறுகள் தொளதொளவென்று இருக்கும். அவற்றை இறுக்குவது என் வேலை. என் இடக்கையால் போட்ட முடிச்சை அப்பாவாலும் அவிழ்க்க முடியாது, அரிவாளால்தான் அறுப்பார்.'

இதைப் படித்தபோது முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தொளதொளப்பா அது? அது உருவு முடிச்சுடா. நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். மாடு எவ்வளவு முறுக்கினாலும் வராது, மனிதன் இழுத்தால் வரும். ஐப்பசி பிறந்துவிட்டால் நம் கொட்டகையில் வேறு முடிச்சு விழக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். கெடிலத்தை நம்ப முடியாது என்பார். எனக்கு ஆறு வயசில் அதைச் சொல்லிக்கொடுத்தார்.

அப்புறம் ஒரு வாரம் கழித்து, லேபில் என்னோடு வேலை பார்க்கும் நித்யஸ்ரீ ஒரு கிழவருக்கு ரத்தம் எடுக்க, கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். பக்கத்து நாற்காலியில் நானும் ஒருவருக்குக் கட்டினேன். இரண்டும் ஒரே கட்டுதான். எனக்குப் பட்டையின் வால் வலப்பக்கம் நின்றது. அவளுக்கு இடப்பக்கம் நின்றது. அவள் இடக்கைக்காரி. மூன்று வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அன்றைக்குத்தான் கவனித்தேன். என் கையில் ஊசி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வந்துதான் அந்த ஆளுக்குக் குத்தினேன்.

ஏன் என்று சொல்கிறேன். வெள்ளத்தன்று அப்பா கன்று விற்கப் பண்ருட்டி போயிருந்தார். காலையில் இருந்தே மழை, மாடுகளை மேய்ச்சலுக்கு விடவில்லை. பால் பீச்சி, கட்டிப்போட்டுவிட்டு நான் சமையலுக்கு அம்மாவோடு உள்ளே போய்விட்டேன். மத்தியானம் கெடிலம் கரையேறி வந்துவிட்டது. ஆண்டி மாமா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்திலிருந்த அவர் மாடி வீட்டு மெத்தையில் விட்டார். நானும் அம்மாவும் இடுப்புத் தண்ணீரில் கொட்டகைக்குள் போனோம். வாசல் பக்கத்து மாடுகளுக்கு ஒவ்வொரு இழுப்பு. எல்லாம் நீந்திப் போயின. சுவர்ப் பக்கத்து ஐந்து மாடுகளுக்கு இழுத்தேன், இழுத்தேன், வரவில்லை. ஊறிய கயிறு நகத்தைப் பெயர்த்தது. மயிலை என் முகத்துக்கு நேராக மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. அது கத்தக்கூட இல்லை. நான் வந்துவிட்டேன், அவிழ்த்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டு நின்றது. அம்மா என் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தண்ணீர் வடிந்து அப்பா வந்தார். சுவர்ப் பக்கத்து முளைக்குச்சி ஒன்றை முடிச்சோடு பிடுங்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எவ கட்டுனது?" என்றார். கட்டுவது என் வேலை. "நான்தாம்பா கட்டுனேன்" என்றேன். ஆமாம், நானே ஒப்புக்கொண்டேன். என் கைதான் ஏதோ தப்புச் செய்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த முடிச்சின் வால் இடப்பக்கம் நின்றது, பழனி. எனக்கு அந்த முடிச்சு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. போன சனிக்கிழமை கட்டில் காலில் கயிற்றைப் போட்டுப் பத்து முறை கட்டிப் பார்த்தேன். பத்து முறையும் வலப்பக்கம்தான்.

அன்று காலை நீ கொட்டகைக்குப் போனாயா? ஆமாம், இல்லை. ஒரு வார்த்தை போதும்.

லோகநாயகி

*

திருவந்திபுரம்
16.09.2025

அக்கா,

எனக்கு ஞாபகம் இல்லை. ஒன்பது வயசுப் பையன் மழை நாளில் எங்கே போனான் என்று யாருக்குத் தெரியும்? இருபத்தொன்பது வருஷம் ஆயிற்று. மாடுகளின் எலும்புகூட மக்கியிருக்கும்.

ரப்பர் பட்டை, கட்டில் கால் என்று நீ ஏதோ போலீஸ் மாதிரி எழுதியிருக்கிறாய். எழுத்தாளன் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவான். இடக்கை முடிச்சு என்பதெல்லாம் சுவைக்காகச் சேர்த்தது. உன்னைப் பற்றிய வரியை எடுத்துவிடுகிறேன். அத்தோடு விடு.

பழனிவேல்

*

சிதம்பரம்
22.09.2025

பழனி,

மயிலையின் நெற்றியில் சுழி எந்தப் பக்கம் சுழிந்திருந்தது என்று ஒரு பாரா எழுதியிருக்கிறாய். கோடையில் சாணத்தில் கால் வைத்தால் எவ்வளவு நேரம் சூடு இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். நீ இரண்டாம் வகுப்பில் எருமை மேல் ஏறி விழுந்தபோது போட்டிருந்த டவுசரின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. இது மட்டும் ஞாபகம் இல்லையா? வெட்கமாக இல்லையா உனக்கு?

'கை ஆவாது' என்ற அந்தப் பெயர் என்னை என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. மெத்தை மேலிருந்து வேடிக்கை பார்த்தவனுக்கு எப்படித் தெரியும்? "இவ கை மாட்டுக்கு ஆவாது, இங்க வச்சா மிச்சம் இருக்கறதும் போயிடும்" என்று அப்பா சொன்னார். தையில் என் துணிகளை மூட்டையாகக் கட்டினார்கள். படிக்க அனுப்பினார்களாம்! கிளம்புகிற அன்றைக்குச் செவலையின் கன்றைத் தடவிவிட்டு வரலாம் என்று போனேன். அம்மா ஓடிவந்து நடுவில் நின்றாள். "வேணாம்டி, தொடாத" என்றாள். பெற்றவள் சொன்னாள்.

புருஷன் வீட்டில் ஒரு சினைமாடு இருந்தது. விஷயம் எப்படியோ மாமியார் காதுக்குப் போய்விட்டது. மாடு கன்று போட்டு மடி வீங்கியதற்கு நான் கொல்லைப்பக்கம் துணி உலர்த்தப் போனதுதான் காரணம் என்றாள். அதற்கும் வாய் திறக்காமல் இருந்தேன். ஏன் தெரியுமா? நானும் அதை நம்பினேன். அதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது. லேபில் சேர்ந்த முதல் மாதம், யார் கையைப் பிடித்தாலும் இவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று உள்ளங்கை வேர்க்கும். இன்றைக்கு வரிசையில் நிற்கும் கிழவிகள், "அந்தப் பொண்ணே எடுக்கட்டும், அதுக்குத்தான் ராசியான கை" என்று எனக்காகக் காத்திருக்கிறார்கள். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும்.

இந்த நாலு வருஷம் உன் மேல் இருந்த கோபத்தில் அம்மாவைப் பார்க்காமல் இருந்தேன். அதற்கு முன்னாலும் வந்தால் வாசலோடு சரி. கொட்டகைப் பக்கம் திரும்பினாலே அம்மா முகம் மாறிவிடும். அவளுக்கு எழுபத்திரண்டு வயசு.

உன் புத்தகத்தில் எதையும் திருத்த வேண்டாம். ஊருக்குச் சொல்ல வேண்டாம். அம்மாவிடம் சொல். அவளை உட்கார வைத்து, அன்றைக்குக் கட்டியது யார் என்று சொல். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

லோகநாயகி

*

திருவந்திபுரம்
11.10.2025

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இன்றைக்கு எப்படியாவது தபாலில் போட்டுவிட வேண்டும்.

போனேன். அன்று காலை கொட்டகைக்குப் போனேன்.

முந்தின நாள் சுட்டிப் பசு அவிழ்த்துக்கொண்டு போய் ஆண்டி மாமாவின் நாற்றங்காலில் இறங்கிவிட்டது. அவர் வந்து கத்தியதில் அப்பா என்னைத் தும்புக் கயிற்றாலேயே விளாசினார். அன்றைக்கு மாடு பார்க்கும் முறை என்னுடையது. முதுகு எரிந்துகொண்டே இருந்தது. மறுநாள் அப்பா பண்ருட்டிக்குக் கிளம்பியதும் இனி ஒன்றும் அவிழக் கூடாது என்று போனேன். நீ போட்ட முடிச்சுகளின் மேல் இன்னொரு முடிச்சு போட்டு இறுக்கினேன். சுவர்ப் பக்கத்தில் ஐந்து முடித்தேன். ஆறாவது மாட்டுக்குப் போகும்போது நீ கஞ்சிக்குக் கூப்பிட்டாய். அந்த ஆறாவது மாடு பிழைத்தது. அதன் வம்சத்தில் வந்ததுதான் இப்போது நிற்கிற செவலை.

மெத்தை மேலிருந்து நான் வேடிக்கை பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். நீ கொட்டகைக்குள் போனதைப் பார்த்தேன். மாடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்ததைப் பார்த்தேன். அப்புறம் எதுவும் வரவில்லை. எனக்கு அப்போதே தெரியும். ஆண்டி மாமாவின் வேட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். குளிரில் நடுங்குகிறான் என்று அவர் போர்த்திவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவுக்கும் தெரியும்.

உன்னிடம் முளைக்குச்சியைக் காட்டிய அன்று சாயங்காலமே என்னை ஆற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எடது கை முடிச்சுடா இது. எனக்குத் தெரியாதா?" என்றார். நான் அழுதேன். "அவ நாளைக்கி இன்னொருத்தன் வூட்டுக்குப் போறவ. நீ மாட்ட வச்சிப் பொழைக்கப் போறவன். உனக்குக் கை ஆவாதுன்னு பேரு வந்துச்சின்னா ஒரு பய நம்ம பட்டியில கன்னுக்குட்டி வாங்க மாட்டான். வாய மூடிக்க" என்றார். மூடிக்கொண்டேன். முதலில் அவருக்குப் பயந்து மூடினேன். பிறகு அதுவே பழகிப்போயிற்று.

கருமாதியன்று உன் கையைத் தடுத்தது ஏன் என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். கூட்டத்தில் யாராவது உன்னைச் சொல்வார்கள், நீ திருப்பிக் கேட்பாய், பேச்சு வளர்ந்து அந்த முடிச்சில் வந்து நிற்கும் என்று பயம். அதனால் நானே முந்திக்கொண்டேன். இவ்வளவுதான் நான்.

அம்மாவிடம் மட்டும் சொல்லச் சொல்லாதே. தினமும் காலையில் அப்பா படத்துக்குப் பூ வைத்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறாள். அவள் இருக்கும் வரைக்கும் விட்டுவிடு அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

பழனி

*

சிதம்பரம்
15.10.2025

பழனி,

அம்மா இருக்கும் வரைக்கும் விட்டுவிட்டால் அம்மா என்னை எப்போது தெரிந்துகொள்வது? அவள் சாவுக்கு நெய்ப்பந்தம் பிடிக்கும்போதா?

தெரியாமல் செய்தார் என்று நினைத்து இருபத்தொன்பது வருஷமாக அந்த மனுஷனை மன்னித்து வைத்திருந்தேன். அவர் மேல் எனக்கு இருந்தது அந்த ஒரு மன்னிப்புதான். அதையும் உன் கடிதம் எடுத்துக்கொண்டது. பிள்ளைக்குப் பட்டியைக் கொடுத்தார். பெண்ணுக்குப் பழியைச் சீராகக் கொடுத்து அனுப்பினார். அப்படிப்பட்டவர் படத்துக்குப் பூ வாடாமல் இருக்க வேண்டும், அதற்கு நான் இன்னும் வாசலோடு நிற்க வேண்டும்.

ஒன்பது வயசில் நீ முடிச்சுப் போட்டதற்கு உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடிக்குப் பயந்த பிள்ளை, அது வேறு. முப்பத்துநாலு வயசில், மீசை வைத்துக்கொண்டு, நாற்பது பேர் முன்னால் என் கையைத் தள்ளினாயே, அந்த ஆளோடுதான் என் வழக்கு.

என் காலில் விழ வேண்டாம். அம்மா காலில் விழு. அதுவரைக்கும் எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

லோகநாயகி

*

திருவந்திபுரம்
06.11.2025

அக்கா,

பிரித்துவிடு. சொல்லிவிட்டேன். அதனால்தான் கவரின் பின்பக்கமும் 'சொல்லிவிட்டேன்' என்று எழுதியிருக்கிறேன். தபால்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

அம்மா கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா சொன்னது உட்பட. கீரை உருவுவதை அவள் நிறுத்தவில்லை. முடித்ததும், "எந்த முடிச்சி? கட்டிக் காட்டு" என்றாள். கொட்டகைக்குக் கூட்டிப்போய் முளையில் கட்டிக் காட்டினேன். அவள் குந்தி உட்கார்ந்து அதை அவிழ்க்கப் பார்த்தாள். விரலால் முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். நான் தடுத்தபோது என் கையைத் தட்டிவிட்டாள். கால் மணி நேரம் இருக்கும். பிறகு எழுந்து, "அந்தப் புள்ள தண்ணியில நின்னுக்கிட்டு இதத்தான் இழுத்துச்சா" என்று கேட்டாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அப்பா படத்துக்குப் பூ இல்லை. என்னோடும் பேச்சில்லை. சோறு போடுகிறாள், தட்டை நகர்த்துகிறாள், அவ்வளவுதான். நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். "எழுது" என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "செவல இன்னும் பத்துப் பதினஞ்சி நாளுல கன்னு போட்டுடும். போன் போடச் சொல்றேன், அன்னிக்கே வா. சீம்பாலு நீதான் பீச்சணும். நீ வர்ற வரைக்கும் மடியில யாரையும் கை வைக்க வுட மாட்டேன். கன்னு குடிக்கும், அது போதும்."

புத்தகத்துக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டேன். நாலாம் பகுதியை முதலிலிருந்து எழுத வேண்டும்.

பழனி

*

திருவந்திபுரம்
22.11.2025

பழனி,

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு தேவையில்லை. கொட்டகைத் தூணில் செருகி வைத்துவிட்டுப் போகிறேன். நீ தவிடு வாங்கப் பண்ருட்டி போயிருப்பதாக அம்மா சொன்னாள். அக்கா வருகிற நாளில்தான் உனக்குத் தவிடு தீர்ந்துபோகும் என்று எனக்குத் தெரியும். அப்பாவும் அன்றைக்குப் பண்ருட்டியில்தான் இருந்தார்.

நடந்ததை நீ அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. நானே சொல்கிறேன்.

அம்மா சொம்பைக் கழுவிக் கையில் கொடுத்தாள். செவலையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியைத் தொட்டதும் என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை, பழனி. கட்டைவிரலை எங்கே மடக்குவது, எங்கிருந்து இழுப்பது, எல்லாம் போய்விட்டது. எட்டு வயசில் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. இழுத்தேன், வலித்திருக்கும், செவலை ஒரு உதை விட்டது. சொம்பு உருண்டு சுவர் வரை போயிற்று. நான் சாணத்தில் உட்கார்ந்துவிட்டேன். பால் வாங்க வந்திருந்த சவரியம்மாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அதான் அப்பவே கை ஆவாதுன்னு உங்க வூட்டுக்காரரு சொன்னாரே" என்றாள்.

அம்மா திரும்பினாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "கை ஆவாதது அவளுக்கு இல்ல. எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு வாய் ஆவல. போயி ஊரு பூரா சொல்லு" என்றாள். உனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள், தெரிந்துகொள். நாளைக்கு மாடு வாங்க ஆள் வராவிட்டால் வராமல் போகட்டும்.

மறுபடி உட்கார்ந்தேன். அவசரப்படாமல் நெற்றியை வயிற்றில் முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டேன். என் லேபில் நரம்பு கிடைக்காத கையைத் தடவிக்கொண்டே இருப்பேன், ஒரு இடத்தில் விரலுக்குத் தட்டுப்படும். அப்படித் தடவிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுரப்பு விட்டது. மஞ்சளாக, கெட்டியாக, அரைச் சொம்பு. அம்மா சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அவித்தாள். இரண்டு பேரும் தின்றோம். உனக்குக் கிண்ணத்தில் மூடி வைக்கப்போனாள். வேண்டாம் என்று அதையும் நானே தின்றேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று புத்தகத்தில் எழுத இடம் தேடாதே. மன்னிக்கவில்லை. நான் நல்ல கைக்காரியாக இருந்தேன், இன்றைக்கு ஒரு உதை வாங்கித்தான் அரைச் சொம்பு பீச்சினேன். நடுவில் போன இருபத்தொன்பது வருஷத்தை நீ நாலாம் பகுதியில் எழுதித் தர முடியாது. எழுதுவதாக இருந்தால் ஒன்று மட்டும் சரியாக எழுது. அன்றைக்குக் கொட்டகையில் நான் அழவில்லை. கடைசி வரைக்கும் இழுத்தேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவேன். அம்மாவைப் பார்க்க வருகிறேன், உன்னைப் பார்க்க அல்ல. நீ இருந்தால் இரு.

மழை இறங்கியிருக்கிறது. ஆற்றில் செந்தண்ணி வருகிறது என்று ஆண்டி மாமா வந்து சொல்லிவிட்டுப் போனார். எட்டு மாடுகளையும் நானே கட்டியிருக்கிறேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

நீ வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சுவர்ப் பக்கம் போ. எல்லா முடிச்சிலும் வால் வலப்பக்கம் நிற்கும். எதையாவது பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார். அவிழவில்லை என்றால் எனக்கு எழுது.

லோகு